காப்பான் பெரியனோ, கள்ளன் பெரியனோ?

திருகோணமலைக் கடற்கரைக்கு மாலை வேளையில் உலாவச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். முன்னொரு காலத்தில் மணலிலே கிளித்தட்டும் கிறிக்கெற்றும் ஆடிக் களித்த பிராயத்துப் பிள்ளைகள், இன்று மதில் ஓரத்தில் வரிசையாக அமர்ந்து, கையிலுள்ள தொலைபேசியின்மீது தலை கவிழ்த்திருக்கின்றனர். ஒருவரையொருவர் நோக்குவதில்லை, ஆயினும் அவர்கள் யாவரும் ஒரே போர்க்களத்தில் நிற்கின்றனர். பப்ஜி என்றும், பிரீ பயர் என்றும் பெயர் பூண்ட அப்போர்க்களங்களில், முன்பின் அறியாத பிற தேசத்தாரும் அவர்களோடு கூடி ஆடுகின்றனர். திடீரென ஒருவன் துள்ளியெழுந்து, "அளாப்புறான்! சுவருக்குள்ளாலே பார்த்துச் சுடுறான்!" என்று கூவுவான். மற்றவர்களும் உடனே ஆமோதிப்பர்.

அளாப்புதல் என்பது நம் நாட்டுச் சிறுவர் வழக்கு. விதியை மீறி விளையாட்டிலே வெல்ல முயல்வதை அச்சொல் குறிக்கும். நாம் சிறுவராயிருந்த காலத்தில் அளாப்பியவனைக் கண்ணாற் கண்டோம். கையைப் பிடித்து நிறுத்தினோம். இரண்டு நாள் விளையாட்டிற் சேர்க்காது விட்டோம். மூன்றாம் நாள் அவனே வந்து நின்றான். அவ்வளவில் வழக்கும் தீர்ந்தது, தண்டனையும் முடிந்தது. இன்று அளாப்புகிறவன் எந்தத் தேசத்தில், எந்த அறையில் இருக்கிறான் என்பதை எவர் அறிவார்? ஆதலின் அவனைக் கண்டுபிடிக்கும் பணி யந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டோடு கூடவே நம் கணினியிலும் தொலைபேசியிலும் வந்து குடியேறி, கள்ளரைத் தேடித் திரியும் காவல் மென்பொருள்கள் பல உள.

அக்காவல் மெய்யாகவே பயன் தருகின்றதா? இவ்வினாவை நாம் வெறும் பொழுதுபோக்காக எழுப்பவில்லை. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனின் நற்பெயர் ஒருமுறை இத்தகைய யந்திரத்தின் தீர்ப்பிலே தொங்கிக் கிடந்தது. அதனைப் பின்னர் கூறுவோம். முதலில் கள்ளத்தின் இயல்பையும் காவலின் இயல்பையும் அறிந்துகொள்ளல் நன்று.

கள்ளம் எவ்வாறு நிகழ்கிறது?

சகுனியின் கவறு நாம் யாவரும் அறிந்தது. விளையாட்டு உள்ள இடத்தில் வஞ்சனையும் இருந்தே வந்திருக்கிறது. இக்காலத்துச் சகுனிக்குக் கவறு வேண்டியதில்லை; ஒரு சிறு நிரல் போதும்.

இணையத்தில் பலர் கூடி ஆடும் சுடுதல் விளையாட்டொன்றில், எதிரிகள் எங்கெங்கே நிற்கின்றனர் என்னும் செய்தி நடுவே உள்ள பெருங்கணினியிலிருந்து ஒவ்வொருவரின் கருவிக்கும் வந்துகொண்டேயிருக்கும். அச்செய்தி வந்தால்தான் திரையிலே உருவங்களை வரைய முடியும். சுவருக்குப் பின்னால் நிற்பவனைப் பற்றிய செய்தியும் பெரும்பாலும் நம் கருவியின் நினைவகத்தில் இருக்கும். திரை மட்டும் அதனை மறைத்து வைக்கும். கள்ள நிரல் செய்வது யாதெனில், அந்நினைவகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்து, மறைந்திருப்பவனைக் காட்டிக்கொடுப்பதே. இன்னொரு வகை நிரல், குறி பார்க்கும் வேலையைத் தானே செய்து, துப்பாக்கியை எதிரியின் தலைக்கு நேரே திருப்பிவிடும். வேறொன்று, ஓடும் வேகத்தைக் கூட்டும்.

சதுரங்கத்தில் இவை எதுவும் வேண்டியதில்லை. 1997ஆம் ஆண்டில் டீப் புளூ என்னும் பெருங்கணினி உலகச் சாம்பியன் கஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்றோ, நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியே எந்தச் சாம்பியனையும் வெல்ல வல்லது. ஒரு திரையில் ஆடிக்கொண்டு, மறு திரையில் யந்திரத்தைக் கேட்டு நகர்த்தினால், பாமரனும் மேதையாகத் தோன்றுவான்.

காவல் எவ்வாறு நடக்கிறது?

காவல் மென்பொருள்கள் கையாளும் முறைகளை நான்காக வகுக்கலாம். முதலாவது, பொலிசார் கைரேகைப் பதிவேடு வைத்திருப்பதுபோல, அறியப்பட்ட கள்ள நிரல்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, அவை நம் கணினியில் உள்ளனவா என்று தேடுவது. இரண்டாவது, விளையாட்டின் கோப்புகளை எவரேனும் மாற்றியிருக்கின்றனரா என்று ஒத்துப் பார்ப்பது. மூன்றாவது, ஆடுபவனின் நடத்தையைக் கணக்கிடுவது. மனிதக் கையால் இயலாத விரைவும் குறியும் தொடர்ந்து தோன்றுமாயின் ஐயுறுவது. நான்காவது, கள்ளன் திருடக்கூடிய செய்தியை அவனுக்கு அனுப்பாமலேயே இருப்பது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த வலோரண்ட் என்னும் விளையாட்டு இம்முறையைக் கைக்கொண்டது. எதிரி கண்ணுக்குத் தெரியும் நிலை நெருங்கும்வரை, அவன் நிற்குமிடம் நம் கணினிக்கு அறிவிக்கப்படுவதில்லை. பூட்டிய பெட்டியைக் காப்பதினும், பெட்டியிலே பொருளை வைக்காதிருப்பது மேலன்றோ?

வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் காவல் மென்பொருளை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. கள்ளனைக் கண்டவுடன் தண்டியாது, சில நாளோ வாரமோ பொறுத்திருந்து, பலரை ஒருசேர விலக்குவது அதன் வழக்கம். உடனே பிடித்தால், தன்னைக் காட்டிக்கொடுத்தது எது என்பதைக் கள்ளன் உணர்ந்து அதனைத் திருத்திக்கொள்வான் என்பதே காரணம்.

தொடக்கத்தில் இக்காவலர்கள், கோயிலின் வெளிப் பிராகாரத்தில் நிற்கும் காவலாளரைப்போல் இருந்தனர். கள்ள நிரல்களோ கணினியின் கருவறைக்குள், அதாவது கேர்னல் எனப்படும் உட்பகுதிக்குள் புகுந்துகொண்டன. ஆகவே காவலரும் உள்ளே புகவேண்டியதாயிற்று. வலோரண்டோடு வந்த வான்கார்ட் என்னும் மென்பொருள், கணினியை இயக்கிய கணமே கருவறையில் விழித்தெழுந்து நிற்கிறது. இதனாற் கள்ளருக்கு இடர் மிகுந்தது என்பது உண்மை. ஆயினும், ஒரு விளையாட்டுக்காக வீட்டின் உள்ளறைத் திறப்பை அந்நியரிடம் கொடுக்கலாமா என்று பலர் கேட்டதும் நியாயமே. கள்ளரும் சும்மா இருக்கவில்லை. கணினியில் ஒரு தனி அட்டையைச் செருகி, அதன் வழியே நினைவகத்தை இரண்டாவது கணினி ஒன்று படிக்கும்படி செய்யும் தந்திரம் தோன்றியது. காவலன் நிற்கும் கணினியில் கள்ள நிரலே இல்லை. கள்ளன் அடுத்த வீட்டில் இருக்கிறான்!

துறைமுகம் கற்பித்த பாடம்

இவ்விடத்தில் நமது துறைமுகத்தின் வரலாற்றை நினையாதிருக்க முடியவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவை திடீரென வந்துவிடவில்லை. முதல்நாளே எச்சரிக்கை கிடைத்தமையால் கப்பல்கள் இரவோடிரவாகத் துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டன. காலையில் ராடார் கருவியும் விமானங்களின் வரவைக் கண்டு சொல்லிற்று. போர் விமானங்களும் எதிர்த்து மேலெழுந்தன. இருந்தும் துறைமுகமும் சீனன்குடாவும் சேதமுற்றன; எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றி எரிந்தது; காப்பதற்கென்று வெளியே அனுப்பப்பட்ட ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டது.

இதனால் ராடார் பயனற்றது என்று எவரேனும் கூறுவரோ? கூறார். அஃது இல்லாதிருந்தால் அழிவு இன்னும் பெரிதாயிருக்கும். ஆயினும் கண்டறிதல் வேறு, காத்தல் வேறு என்பதை அந்நாள் உணர்த்திற்று. காவல் மென்பொருளைப் பற்றிய நம் மதிப்பீடும் அவ்வாறே அமையவேண்டும்.

பப்ஜி விளையாட்டில் 2018ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கள்ளர் விலக்கப்பட்டதாக, அதனைக் காத்துவந்த பற்றில்ஐ நிறுவனம் அறிவித்தது. இத்தொகையைக் கேட்டுக் காவல் வென்றது என்று மகிழ்வதா, கள்ளர் மலிந்தனர் என்று கவல்வதா? விலக்கப்பட்டோரின் தொகை காவலின் வலிமையை மட்டும் காட்டுவதன்று. கள்ளச் சந்தையின் பருமனையும் அதுவே காட்டுகிறது. அச்சந்தை சிறிதன்று. 2021ஆம் ஆண்டில் சீனப் பொலிசார் கலைத்த ஒரு கூட்டம், கள்ள நிரல்களை மாதச் சந்தாவுக்கு விற்றுப் பல கோடி டொலர் ஈட்டியிருந்தது. தென்கொரியாவோ கள்ள நிரல் ஆக்குவதையும் பரப்புவதையும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே சட்டமியற்றியது.

பாரதத்தார் சம்பந்தமான இரண்டு

அயலிலுள்ள பாரத நாட்டார் சம்பந்தமான இரு சம்பவங்கள் இங்கே சிந்திக்கத்தக்கன.

2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் சீனாவின் சங்காய் நகரில் கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டின் ஆசியப் போட்டியொன்று நடந்தது. அதில் ஒப்ரிக் இந்தியா என்னும் அணி ஆடிக்கொண்டிருக்கையில், நிகில் குமாவத் என்பாரின் கணினியை அலுவலர்கள் பரிசோதித்தனர். வேர்ட் என்று, எழுத்து வேலைக்குரிய மென்பொருளின் பெயரைப் பூண்டிருந்த ஒரு கோப்பு அங்கே இருந்தது. உண்மையில் அது குறி பார்க்க உதவும் கள்ள நிரல். அணி முழுதும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. சில நாளில் அணியே கலைக்கப்பட்டது. அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது. குற்றம் ஒருவருடையது, இழப்போ ஐவருடையது. அன்றியும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: மென்பொருள்களின் கண்ணைத் தப்பிச் சர்வதேச மேடைவரை சென்ற அக்கோப்பு, பக்கத்தில் வந்து நின்ற மனிதரின் கண்ணைத் தப்பவில்லை.

மற்றையது நம் தமிழர் பெருமைக்குரிய விசுவநாதன் ஆனந்த் அவர்கள் சம்பந்தமானது. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்டும் பொருட்டு, 2021ஆம் ஆண்டு யூன் 13ஆந் திகதி, அவர் பிரபலர் பலரோடு ஒரே சமயத்தில் செஸ்.கொம் தளத்திலே சதுரங்கம் ஆடினார். அவர்களுள் நிகில் காமத் என்னும் இளஞ்செல்வர், ஐந்துமுறை உலகச் சாம்பியனான ஆனந்தை வென்றுவிட்டார்! அவருடைய ஆட்டம் யந்திரத்தின் ஆட்டத்தை ஏறத்தாழ முழுதும் ஒத்திருந்தது. தளத்தின் காவல் முறை அவர் கணக்கை மூடியது. மறுநாள் அவரே, பிறர் உதவியையும் கணினியையும் நாடியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் தரவரிசைக்கு உட்பட்டதன்று. ஆனந்தும் அதனை மேலும் கிளற விரும்பவில்லை. எனவே கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. பலகையிலிருந்த நிலையைப் பார்த்தே தாம் ஆடியதாகவும், அதனையே எல்லோரிடமும் எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் அடக்கமாகக் கூறினார். பெரியோர் பெருமை அது. ஆயினும் நம் மாணவர் கேட்ட வினா ஒன்று உண்டு: "செல்வர் கணக்கு ஒரு நாளிலே திறக்கிறது, எங்கள் கணக்கு திறக்குமா, சேர்?"

யந்திரமும் பிழைபடும்

அவர்கள் அவ்வாறு கேட்டது காரணமின்றியன்று. கள்ளனைத் தப்பவிடுதல் காவலின் ஒரு குறை. கள்ளனல்லாதவனைப் பிடித்தல் அதனினும் பெருங்குறை. 2010ஆம் ஆண்டு யூலையில், வால்வ் நிறுவனத்தின் காவல் மென்பொருள், மொடேர்ண் வார்பெயார் 2 என்னும் விளையாட்டை ஆடிய ஏறத்தாழ 12,000 பேரைக் கள்ளரென்று தவறாக விலக்கியது. கோப்பு ஒன்றின் புதுப்பித்தலில் நேர்ந்த பிசகே காரணம். நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு, தடையை நீக்கி, வேறொரு விளையாட்டை இலவசமாக வழங்கியது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரிலும், ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ஒரு வசதியைப் பயன்படுத்திய குற்றமற்றோர் சிலர் இவ்வாறே விலக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டனர்.

அப்படியாயின் யந்திரத்தை ஒதுக்கி, மனிதர் ஐயத்தையே நம்பலாமோ? அதுவும் ஆகாது. வால்வ் நிறுவனத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கு நம் அகந்தையை அடக்கத்தக்கது. கள்ளம் செய்தான் என்று சக ஆட்டக்காரர் முறையிட்டு அனுப்பிய வழக்குகளை நடுவர் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 15 முதல் 30 வரையிலேயே குற்றம் உறுதியாயிற்று. கற்கும் ஆற்றலுடைய யந்திரம் தெரிந்தெடுத்து அனுப்பிய வழக்குகளிலோ, நூற்றுக்கு 80 முதல் 95 வரை உறுதியாயிற்று. கடற்கரை மதிலில் அமர்ந்து "அளாப்புறான்" என்று கூவும் பிள்ளைகளின் கூற்றில் பெரும்பகுதி, தோல்வியின் வெப்பத்தாற் பிறந்ததே என்பது இதனாற் புலனாகும். அதேவேளை, சிறந்த யந்திரமும் நூற்றில் ஐவர் மீதேனும் வீணே விரல் நீட்டிற்று என்பதையும் மறத்தலாகாது.

நம் மாணவன் கதை

இனி, முன்னர்ச் சொல்வோம் என்றதைச் சொல்வோம். கொரோனாவினாற் பாடசாலைகள் மூடியிருந்த காலத்தில், நம் மாணவர் சிலர் ஞாயிறு தோறும் இணையத்தில் வேறு பாடசாலைப் பிள்ளைகளோடு சதுரங்கம் ஆடிவந்தனர். அவர்களுள் ஒருவனின் தந்தையார் கடற்றொழிலாளர். வீட்டில் இருந்த தொலைபேசி ஒன்றே. பாடம், விளையாட்டு, உறவினரோடு பேச்சு யாவும் அதிலேதான். ஒரு ஞாயிறன்று அவன், தன்னை எப்போதும் வெல்லும் இருவரைத் தொடர்ந்து தோற்கடித்தான். அவ்வாரமே தளம் அவன் கணக்கை மூடியது. நேர்மை விதியை மீறினான் என்பதே குற்றச்சாட்டு. "நாங்கள் அப்போதே நினைத்தோம்" என்றனர் நண்பர்கள். உண்மையைச் சொல்வதானால், நாமும் ஒரு கணம் ஐயுற்றோம். அவன் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்: "நான் அளாப்பேல்லை, சேர்."

நடமாட்டத் தடை தளர்ந்தபின் அவனை அழைத்து, மரப்பலகையை விரித்து, அவ்விரண்டு ஆட்டங்களையும் நினைவிலிருந்து ஆடிக் காட்டும்படி கேட்டோம். ஒவ்வொரு நகர்த்தலையும், ஏன் அவ்வாறு நகர்த்தினான் என்பதையும் தயங்காது கூறினான். இரண்டிடங்களில் தான் செய்த பிழையையும் தானே காட்டினான். யந்திரத்தைக் கேட்டு ஆடியவன் அப்பிழைகளைச் செய்திருக்க மாட்டான். பின்னர் அக்கணக்கின் ஆட்டப் பதிவுகள் முழுவதையும் நோக்கினோம். நள்ளிரவு கடந்த வேளைகளில் ஆடப்பட்ட, அவன் அறியாத ஆட்டங்கள் பல இருந்தன. விசாரித்தபோது, அவர்கள் வீட்டிலே தங்கியிருந்த பெரியம்மா மகன், தம்பி உறங்கியபின் அதே கணக்கில், தன் தொலைபேசியிலுள்ள யந்திரத்தைக் கேட்டு ஆடிவந்தது வெளிவந்தது. "சும்மா பகிடிக்குச் செய்தனான்" என்றான் அவன்.

யந்திரம் பொய் சொல்லவில்லை. அக்கணக்கிலே கள்ளம் நிகழ்ந்தது மெய். ஆனால் யந்திரம் கணக்கை அறியுமேயன்றி ஆளை அறியாது. நாம் இருமுறை எழுதியபின், பழைய கணக்குத் திறக்கப்படமாட்டாது, புதியதொன்றை ஆரம்பிக்கலாம் என்று விடை வந்தது. அதற்குள் ஐந்து வாரம் கடந்து, போட்டியும் முடிந்துவிட்டது. தண்டனையினும் அவனை வருத்தியது நண்பர்களின் மௌனமே. அடுத்த தவணை முழுவதும் அவன் சதுரங்க அறைப்பக்கம் வரவில்லை. உண்மையை நாம் வகுப்பில் எடுத்துரைத்து, முன்னர்ப் பழித்தவர்கள் தாமே சென்று அழைத்தபின்னரே வந்தான்.

முடிவாக

காவல் மென்பொருள் பயன் தருகின்றதா என்ற வினாவுக்கு நம் விடை இது: வாயிற் பூட்டு எவ்வளவு பயன் தருமோ அவ்வளவு பயன் தரும். போகிற போக்கிற் கைநீட்டுபவனை அது நிச்சயம் தடுக்கும். கருவிகளோடு வருபவனைத் தாமதப்படுத்தும்; அவன் செலவைக் கூட்டும். அந்தத் தாமதமும் செலவுமே பலரைக் கள்ளத்திலிருந்து விலக்குகின்றன; ஆதலின் அதனை இகழலாகாது. காப்பானிற் கள்ளன் பெரியன் என்பது பழமொழி. காப்பவன் எல்லா வாயிலையும் காக்கவேண்டும். கள்ளனுக்கு ஒரு துவாரம் போதும். ஆகவே முற்றான வெற்றி யந்திரத்தால் வாராது. காவலோடு, முறையீட்டைக் கேட்கும் மனிதச் செவியும் இருந்தாலன்றி அதனை நீதியென்று கூறவும் இயலாது.

பெற்றோர் செய்யத்தக்கன சில உள. தொலைபேசி ஒன்றேயாயினும், பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கும் மறைசொல்லும் இருக்கட்டும். இலவசமாக வெற்றி தருவோம் என்று அந்நியர் அனுப்பும் கோப்புகளைத் தரவிறக்க விடாதிருங்கள். அவற்றுட் பல வீட்டாரின் மறைசொற்களைத் திருடும் நிரல்களைச் சுமந்து வருவன. மாணவர்களே, ஐயம் தோன்றினால் முறையிட்டுவிட்டு அமைதியாயிருங்கள். பெயர் சூட்டி ஒருவனை ஊர் முன் நிறுத்தாதீர்கள். தோற்பதற்கும் பழகிக்கொள்ளுங்கள்.

அம்மாணவன் இப்போது உயர்தர வகுப்பைக் கடந்துவிட்டான். விடுமுறைகளில் நம்மைக் காண வரும்போது, தொலைபேசியை மேசையிற் கவிழ்த்து வைத்துவிட்டு, "பலகையை எடுப்பமா, சேர்?" என்பான். நாமும் எடுப்போம். பெரும்பாலும் அவனே வெல்கிறான்.